கார் கதவில் பாம்பன் பாலம்: ஃபோர்ஸாவா, கிரான் டூரிஸ்மோவா?

மண்டபத்து வீட்டில் உட்கார்ந்து, வீடியோ விளையாட்டில் ஓட்டும் பந்தயக் காரின் கதவில் பாம்பன் பாலத்தை வரைய ஆசைப்பட்டேன். ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் விளையாட்டில் வெளியிலிருந்து படத்தை ஏற்ற முடியாது. வட்டம், சதுரம், முக்கோணம் என்று அடுக்கடுக்காக ஒட்டித்தான் வரையவேண்டும். பாலத்தூண்களுக்கு அது சுகம். ஒன்றைச் செய்து நகலெடுத்துக்கொண்டே போகலாம். தமிழில் ‘பாம்பன்’ என்று எழுதும்போதுதான் சோதனை. ‘ப’ மூன்று பட்டைகளில் முடிந்துவிடும். ‘ன்’ சுழிக்கு ஒரு வட்டம் வைத்து, அதற்குள் கார் நிறத்திலேயே சின்ன வட்டம் வைத்து மறைக்கவேண்டும். ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது.

கிரான் டூரிஸ்மோ 7 என்ற இன்னொரு கார் விளையாட்டு என்றால், இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோட்டுருவமாக (path) மாற்றி, எஸ்விஜி (SVG) என்ற படக் கோப்பாக ஏற்றினால் சரி. 15 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். அதற்காகப் பாலத்தடி அலைகளைக் குறைத்தேன். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.