கல்பாசு மீனுக்கு எந்த டேக் தேறும்? வச்சுப் பார்த்தவன் சொல்றேன்

நாட்டு மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணையில வேலை, கல்பாசும் சேல்கெண்டையும்தான் எங்க சரக்கு. காவேரில விட்டதுக்கு அப்புறம் எது நாம விட்டது, எது ஆத்துலயே பொறந்ததுன்னு தெரியணும்ல, அதுக்குத்தான் மீனுல டேக், அதாவது அடையாளம், வைக்கிற இவ்ளோ பாடு.

மொதல்ல செட்டை வெட்டு. கத்தரிக்கோல் போதும், செலவே இல்ல. அமெரிக்காவுல சால்மனுக்கு முதுகுல வால் பக்கமா இருக்கிற குட்டி கொழுப்புச் செட்டைய வெட்டிடுவாங்க, பார்த்ததும் பண்ணை மீன்னு தெரிஞ்சிடும். நம்ம கெண்டை வகைக்கு அந்தச் செட்டையே கிடையாது! சரின்னு வயித்துச் செட்டைய வெட்டினா சில மாசத்துல திரும்ப வளந்துடுது, கொஞ்சம் கோணலா இருக்கும், பழகின கண்ணுக்குத்தான் தெரியும்.

அடுத்து எலாஸ்டோமர். கலர் சிலிக்கான், பத்துக்கு ஒண்ணுன்னு ஹார்ட்னர் கலந்து இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசு ஊசியால தோலுக்கு அடியில ஒரு கோடு போடணும். விரல் நீளக் குஞ்சுக்கு இதவிட நல்லது நான் பார்க்கல, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணில மயங்க வச்சா ஒரு குஞ்சுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனா ரெண்டு விஷயம். நம்ம ஊர் வெயிலுக்கு கலந்தது ஊசிக்குள்ளயே இறுகிடும், ஐஸ் பெட்டி பக்கத்துலயே இருக்கணும், நான் மொத நாள் அது தெரியாம பாதி கலவைய குப்பையில போட்டேன். ரெண்டாவது, சேல்கெண்டைல பளிச்சுனு தெரியுது, கல்பாசு வளர வளர கரிக்கட்டை மாதிரி ஆயிடும், அப்புறம் ஊதா லைட் அடிச்சாத்தான் கோடு மினுங்கும். பரிசல்ல மீன் புடிக்கிறவர் ஊதா லைட்டுக்கு எங்க போவாரு?

மூக்குக்குள்ள வைக்கிற கோடட் வயர் நான் வச்சதில்ல, நம்பர் பொறிச்ச 1.1 மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு. நம்பர் படிக்க தலைய அறுத்து மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும். நம்ம ஊர்ல மீன் தலைய யாரு குடுப்பா, குழம்புக்கே அதுதானே ருசி.

பிட் டேக் தாய் மீனுக்கு மட்டும்னு வச்சுக்கோங்க. 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாய், பேட்டரி கிடையாது, ரீடரை கிட்ட கொண்டு போனா நம்பர் வந்துடும், எந்தப் பொட்டைய எப்போ முட்டைக்கு எடுத்தோம்னு குழப்பமே வராது. ஆத்துல விடுற ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு கட்டுப்படியாகாது. சதையில வைக்காதீங்க, சாப்பிடுறவன் பல்லுல கண்ணாடி மாட்டும், வயித்துக்குள்ள வச்சா மீனை அறுக்கும்போது குடலோட போயிடும்.

கடைசியா டி-பார் டேக், ஜவுளிக்கடையில விலைச்சீட்டு குத்துவாங்கல்ல அதே மாதிரி துப்பாக்கி. முதுகுச் செட்டைக்கு அடியில குத்தினா மஞ்ச நூல் மாதிரி வெளியில தொங்கும், அதுல நம்பரும் போனும் இருக்கும். சின்னக் குஞ்சுக்கு ஆகாது, ஒரு ஜாணாவது வளரணும். பாசி புடிக்கும், குத்தின இடம் புண்ணாகும், செவுள் வலையில சிக்கும், சிலது கழண்டே போயிடும். இவ்ளோ குறை இருந்தும் என் ஓட்டு இதுக்குத்தான், ஏன்னா மீனைப் புடிக்கிறவர் கண்ணுக்கு இது ஒண்ணுதான் தெரியுது. அதனால இப்போ குஞ்சுக்கு எலாஸ்டோமர், கொஞ்சம் வளத்து விடுறதுக்கு டி-பார்.

போன வாரம் மேட்டூர் பக்கமிருந்து ஒரு அண்ணன் போன் பண்ணாரு. "தம்பி, உங்க நூல் மீன் ஒண்ணு மாட்டுச்சு, குழம்பு வச்சுட்டோம், நூல் பத்திரமா இருக்கு." நீளம் எவ்ளோண்ணேன்னு கேட்டேன். "முழங்கை அளவு இருக்கும்"னாரு. அதையே நோட்டுல எழுதிக்கிட்டேன்.