பிலிமில் எடுத்த வண்ணப் படங்களுக்கு பிளிக்கர்

அப்பாவின் கேனான் ஏஇ-1 கேமராவில், கோடக் கோல்டு 200 பிலிம் போட்டு, பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்களைப் படம் எடுத்து வருகிறேன். அவற்றை இணையத்தில் வைக்கத் தேர்ந்தெடுத்த இடம், படங்களைப் பகிரும் தளமான பிளிக்கர். படத்தை வெட்டாமல் அப்படியே காட்டுகிறது என்பதே முதல் காரணம். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை நிமிர்த்தி எடுத்த படத்தைச் சதுரமாக நறுக்கினால் கலசம் போய்விடும்; அதை எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

இலவசக் கணக்கில் 1000 படங்கள்தான் வைக்கலாம். டிஜிட்டலில் சுட்டுத் தள்ளுபவர்களுக்கு இது ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. ஒரு சுருளுக்கு 36 படம் எடுக்கும் நமக்கோ, எடுத்ததையெல்லாம் ஏற்றினாலும் 27 சுருள் கொள்ளும். கவனிக்க வேண்டியது வேறொரு வரம்பு. இலவசக் கணக்கில் 50 படங்களை மட்டுமே பிறர் கண்ணில் படாமல் வைக்க முடியும். வீட்டு விசேஷப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் காட்ட நினைப்பவர்கள் கட்டணக் கணக்குக்குப் போவதே நல்லது.

பிலிம்காரர்களுக்கு ஒரு சிறு வேலை இருக்கிறது. கடையில் ஸ்கேன் செய்து வாங்கிய படத்தை ஏற்றியதும், கேமராவின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'நோரிட்சு' என்று ஸ்கேனரின் பெயர் வந்து நிற்கும். எடுத்த தேதிக்குப் பதில் ஸ்கேன் செய்த தேதி இருக்கும். தேதியை நாமே திருத்தலாம். நாள் நினைவில்லை என்றால் மாதத்தையோ ஆண்டையோ மட்டும் குறிக்கலாம். பழைய நெகட்டிவ்களைத் தூசி தட்டுபவர்களுக்கு இது பெரிய உதவி. கேமரா, லென்ஸ், பிலிம் மூன்றையும் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள். 'ஐ ஷூட் ஃபிலிம்' குழுவில் சேர்த்தால், பிலிமை நேசிப்பவர்களே வந்து பார்ப்பார்கள்.

தைப்பூச இரவில் வெள்ளி ரதத்தை எடுத்த படத்தில் வெள்ளியே ஆரஞ்சாகிவிட்டது. கோல்டு 200 பகல் வெளிச்சத்துக்கான பிலிம்; குண்டு பல்பின் ஒளியில் நிறம் அப்படித்தான் விழும். நான் திருத்தவில்லை. அந்தக் கூட்டத்தின் வெக்கை அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

பினாங்கு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறிச்சொற்களைத் தமிழிலும் போடுங்கள். நம் முருகன் கோயில் இருக்கும் 'தண்ணீர்மலை' என்று தேடினால் உங்கள் படங்களும் வரவேண்டும்.