பிள்ளைக்கு ஏப்ரன்: பிளவுஸ் பிட்டா, பழைய சேலையா, ஜீன்ஸா?

கொலுவுக்குப் போன வீடுகளில் வைத்துக் கொடுத்த பிளவுஸ் பிட், கட்டிக் கட்டி நைந்த பருத்திச் சேலை, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ். குழந்தைக்கு ஏப்ரன் தைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால் கையில் வருவது பெரும்பாலும் இந்த மூன்றுதான். மூன்றிலும் தைத்திருக்கிறேன்.

வெட்டச் சுலபம் பிளவுஸ் பிட். 80 சென்டிமீட்டர் பிட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 45 நீளம், 40 அகலத்தில் இரண்டு ஏப்ரன் கிடைக்கும். மிச்சத்தில் பட்டையும் பாக்கெட்டும். ஆனால் தாம்பூலத்தோடு வருவதெல்லாம் பருத்தி இல்லை. ஓரத்தில் நாலு நூலை உருவி, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகி உதிரும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாகச் சுருளும். அப்படி உருகும் துணி தோலில் ஒட்டிக்கொள்ளும். அதை அடுப்பு பக்கம் நிற்கிற பிள்ளைக்குக் கட்டவே கூடாது, எவ்வளவு அழகான பிரிண்டாக இருந்தாலும்.

பழைய சேலை சுருங்க வேண்டிய அளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கும், கழுத்தில் உறுத்தாது. ஒற்றையாகத் தைத்தால் மாவுத் தண்ணீர் உள்சட்டை வரை இறங்கும், அதனால் இரண்டு மடிப்பு வேண்டும். கொசுவம் செருகிய இடத்தையும் கீழ்க்கரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கழித்துவிடுங்கள். மேல்கரையை நீளமாக வெட்டினால் பட்டை தயார், ஒரு பக்கம் பிசிறே வராது.

ஜீன்ஸில் ஒரு காலை உள்தையலில் பிரித்தாலே ஒரு ஏப்ரன். பின்பாக்கெட்டை அப்படியே எடுத்து முன்னால் வைத்துத் தைக்கலாம். மெஷினில் கனத்த துணிக்கான 16 நம்பர் ஊசி கட்டாயம். நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். பெயின்ட் அடிக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற இதுதான் சரி, சமையலறைக்கு வேண்டாம்.

துணியைவிட எனக்குக் கவலை கழுத்துதான். முடிச்சுப் போட்ட கழுத்து நாடா ஒருமுறை அலமாரிக் கைப்பிடியில் மாட்டி, என் மகள் அப்படியே பின்னால் இழுபட்டாள். ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதி, ஏழு வயதுக்கு உட்பட்டோர் உடுப்பில் கழுத்துப் பக்கம் இழுகயிறே கூடாது என்கிறது. பெரியவர் கண்பார்வையில் கொஞ்ச நேரம் போடும் ஏப்ரனுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பால் பொங்கும்போது நம் கண் பிள்ளை மேலா இருக்கும்? முதுகில் குறுக்காகப் போகும் பட்டை தோளில் உட்காரும், கழுத்தை இறுக்காது, பிள்ளையே மாட்டிக்கொள்ளும். அதற்குத் துணி கொஞ்சம் கூடுதலாகும். துணி போதாதென்றால் கழுத்துப் பட்டையை நடுவில் வெட்டி, இரண்டு விரல் அகல வெல்க்ரோ வைத்துவிடுங்கள்; எதிலாவது மாட்டினால் தானே பிரிந்துவிடும்.

இப்போது நான் தைப்பது வெளியே பருத்தி பிளவுஸ் பிட், உள்ளே பழைய சேலை, குறுக்குப் பட்டை. பிட்டை மட்டும் முதலில் ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவையலில் அது மட்டும் சுருங்கி, உள்சேலை ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.