ஐந்துக்கு மேல் காட்டாத கணினி: ‘ஹெர் ஸ்டோரி’ விமர்சனம்

‘ஹெர் ஸ்டோரி’ என்ற வீடியோ விளையாட்டில் ஓட வேண்டாம், சுட வேண்டாம், சாவி தேடி அறை அறையாக அலையவும் வேண்டாம். எதிரில் ஒரு பழைய போலீஸ் கணினித் திரை. தேடல் பெட்டியில் ‘மர்டர்’ என்ற சொல் ஏற்கெனவே அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. என்டரைத் தட்டினால் ஒரு பெண் பேசும் வீடியோத் துண்டுகள் நான்கு வந்து நிற்கின்றன. அவளுடைய கணவன் சைமனைக் காணவில்லை. 1994 ஜூன், ஜூலையில் போலீஸார் அவளை ஏழு முறை உட்கார வைத்து விசாரித்த பதிவுகள் இவை. அதிகாரி கேட்ட கேள்வி ஒன்றுகூடக் கிடையாது, அவள் சொன்ன பதில்கள் மட்டும்தான். அவற்றை 271 துண்டுகளாக நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லை அடித்தால் அவள் அந்தச் சொல்லைச் சொன்ன இடங்கள் வரும். என்ன நடந்தது என்பதை நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு வடிவமைப்பாளர் சாம் பார்லோ இதை வெளியிட்டது 2015 ஜூனில். அதற்கு முன் அவர் ஒரு ஸ்டூடியோவில் இருந்தபோது செய்த ‘சைலன்ட் ஹில்: ஷாட்டர்ட் மெமரீஸ்’ (2009) விளையாட்டில் ஒரு மனநல மருத்துவர் நம்மிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், பதில் சொல்வது நம் வேலை. இங்கே அப்படியே தலைகீழ். பதில்கள் கையில் இருக்கின்றன, கேள்வியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். “இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு முடிகிற ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, எதற்கு இல்லை என்றாள் என்று வெகுநேரம் யோசிக்க வைத்த வேறு விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பிழைப்புக்கு நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குகிறவள். அதனால்தானோ என்னவோ, இந்த விளையாட்டின் மையமான விதி எனக்கு உடனே பிடித்துப்போனது. விதி இதுதான்: ஒரு சொல்லுக்கு எத்தனை துண்டுகள் இருந்தாலும், தேதி வரிசையில் முதல் ஐந்தை மட்டுமே கணினி திறக்க விடும். ‘சைமன்’ என்று அடித்தால் ஏகப்பட்டது இருப்பதாகச் சொல்லும், ஆனால் கைக்குக் கிடைப்பவை ஆரம்ப நாள்களில் அவள் நிதானமாக, தயாராக வந்து சொன்ன பதில்கள்தான். பின்னால் அவள் தடுமாறிய நாள்களுக்குப் போக வேண்டுமென்றால் அவள் எப்போதாவது ஒருமுறை சொன்ன சொல் வேண்டும். ஓர் இடத்தின் பெயர், ஒரு பொருள், பேச்சுவாக்கில் வந்துவிழுந்த யாரோ ஒருவரின் பெயர். பதிவை எழுத்தாக்கும்போது காது தானாகவே இப்படிப்பட்ட சொற்களில்தான் போய் நிற்கும். பின்னுக்கு ஓட்டித் திரும்பக் கேட்பதும் அங்கேதான். அந்தக் கவனத்தையே ஒரு விளையாட்டின் கருவியாக மாற்றியிருக்கிறார் பார்லோ. துப்பறியும் விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளும் பலவற்றில் பளபளக்கிற பொருளைத் தொட்டால் போதும், நாயகனே மீதியைச் சொல்லிவிடுவான். இதில் கேட்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது.

முழுப் பாரமும் ஒரே முகத்தின் மேல். அந்தப் பெண்ணாக வருபவர் விவா செய்ஃபர்ட். இசைக்கலைஞர், அதற்கும் முன்னால் 1992 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இறங்கியவர். உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர் என்பது உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. ஒரு நாள் நாற்காலியில் தளர்ந்து சாய்ந்திருக்கிறார், இன்னொரு நாள் முதுகு நிமிர்ந்து கைகளை மேசைக்கு மேல் வைத்திருக்கிறார். பேசும் வேகம் மாறுகிறது, எதிராளியைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. ஒரு துண்டில் கிதாரை எடுத்து ஒரு பழைய நாட்டுப்பாடலைப் பாடுகிறார். முதலில் வேடிக்கையாக இருந்தது. கதை பாதிக்கு மேல் புரிந்தபின் அந்தப் பாட்டை மறுபடி கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. அப்புறம் அந்த விரல்கள். அவை மேசையைத் தட்டும்போது கவனியுங்கள், இதற்கு மேல் சொல்ல மாட்டேன். படத்தை வி.எச்.எஸ். வீடியோ கேசட் நாடா வழியே ஓட்டி எடுத்திருப்பதால் நிறமும் கோடுகளும் அந்தக் காலத்துப் பதிவாகவே தோன்றுகின்றன.

சிலருக்கு ஒரு குறை உண்டு. அதிர்ஷ்டவசமாக ஒரு சொல்லை அடித்துவிட்டால் கதையின் பெரிய ரகசியம் பத்தாவது நிமிடத்திலேயே வந்துவிடுமே, அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. ரகசியம் சீக்கிரம் வந்தாலும், அதைச் சொல்கிறவள் அந்த நேரத்தில் உண்மைதான் பேசுகிறாளா என்பது அப்போது நமக்குத் தெரியாது. முந்தைய நாள்களில் அவள் எதையெல்லாம் மறைத்தாள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால்தான் அந்த ஒரு துண்டுக்குக் கனம் வருகிறது. கடைசியில் கண்டுபிடித்தவருக்கு அதே துண்டு முடிச்சை அவிழ்க்கிறது, முதலில் கண்டவருக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. இரண்டு பேருமே முழுதாக ஒரு கதையைத்தான் அனுபவிக்கிறார்கள். இந்த அளவுக்கு எழுத்தில் உழைத்திருப்பதைப் பார்க்கும்போது மரியாதை வருகிறது.

வெளிவந்தபோது வரவேற்பு பெரிதாகவே இருந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் ஒரு லட்சம் பிரதிகள் விற்றன. 2015 ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கதைக்கான விருது கிடைத்தது, சிறந்த நடிப்பு விருது செய்ஃபர்ட்டுக்குப் போனது. 2016இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் புதுமைக்கான பரிசு உட்பட மூன்று, பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் பெரும்பரிசு. கூடவே “இது விளையாட்டே இல்லை, வீடியோ பார்க்கிற மென்பொருள்” என்ற பேச்சும் எழுந்தது. தோற்பதற்கு வழியில்லை, மதிப்பெண் இல்லை என்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு தேடலும் ஓர் ஊகம். அந்த ஊகம் பலித்து, இதுவரை பார்க்காத ஒரு தேதியில் அவள் முகம் திறக்கும்போது வருகிற துள்ளல் நான் ஆடிய எந்தப் புதிர் விளையாட்டுக்கும் குறைந்ததில்லை. முக்கியமான துண்டு கிடைக்கும்போது இசை மாறும், விளக்கு மினுங்கும், திரைக்கண்ணாடியில் உட்கார்ந்து தேடுகிறவரின் முகம் நிழலாகத் தெரியும். யார் அது, எதற்காக இத்தனை வருடம் கழித்து இதைத் தேடுகிறார் என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பார்த்த துண்டு எது, பாராதது எது என்று கட்டங்களாகக் காட்டும் ஒரு சின்ன நிரல் அந்தக் கணினியிலேயே இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் கவனம் கதையைவிட்டுக் கட்டங்களுக்குப் போய்விடுகிறது. மிச்சமிருப்பவை பெரும்பாலும் ஒற்றைச் சொல் பதில்கள், அவற்றைத் துரத்துவது வெறும் வேலைதான். அந்த நிரலைக் கடைசிவரை தொடாமல் இருப்பது நல்லது.

முடிவைப் பற்றி இன்றுவரை இரண்டு கட்சி. விளையாட்டு எந்தக் கட்சிக்கும் தலையாட்டுவதில்லை. ஓரளவு பார்த்தபின் ஓர் அரட்டைப் பெட்டி திறந்து, போதுமா என்று கேட்கும், அவ்வளவுதான். உங்கள் முடிவு சரியா என்று சோதிக்காது. நான் எந்தக் கட்சி என்று இங்கே சொன்னால் ஆடப்போகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டு, மூன்று மணி நேரத்தில் கதை பிடிபட்டுவிடும். பேச்சு முழுக்க பிரிட்டிஷ் ஆங்கிலம், கேட்ட சொல்லை எழுத்துக்கூட்டி அடிக்கவும் வேண்டும். கைப்பேசியிலும் ஆடலாம், ஆனால் கணினியும் ஹெட்போனும் ஒரு நோட்டும் இருந்தால் இதன் அருமை தெரியும். நோட்டில் தேதிகளை மேலே எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அவள் உடுத்தியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் பார்லோவே பின்னால் செய்த ‘டெல்லிங் லைஸ்’ (2019), ‘இம்மார்ட்டாலிட்டி’ (2022) இரண்டும் இருக்கின்றன. அவை இதைவிடப் பெரியவை. ஆனால் இந்த இறுக்கம் அவற்றில் இல்லை, அதனால் இதிலிருந்தே தொடங்குங்கள்.