விழுந்த மரம்: காட்டிலேயே விடுவதா, விறகாக்குவதா?

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான். விறகாக எரித்தால் அது சில மணி நேரத்தில் காற்றில் கலந்துவிடும். காட்டிலேயே கிடந்தால்? அப்போதும் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகும், ஆனால் மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதை அளக்கத்தான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில், சூழலியலாளர் மார்க் ஹார்மன் 1985-இல் 500-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைக் கிடத்தி ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதன் காலம் 200 ஆண்டுகள்! முடிவைத் தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே தொடங்கிய வேலை அது. அந்தப் பொறுமை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மரவகை, ஈரம், வெப்பம், பூஞ்சை, பூச்சி எல்லாமே மட்கும் வேகத்தை மாற்றும். குளிர்ந்த காட்டில் பருத்த மரம் மட்க நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். வெப்பமான ஈரக்காட்டில் அதைவிட வெகு சீக்கிரம் மட்கிவிடும்.

அகற்றுவதிலும் நியாயம் உண்டு. பாதையோரம் சாயும் மரத்தையும், தீ பரவும் இடத்தில் குவிந்த சுள்ளியையும் எடுக்கத்தான் வேண்டும். சரி, மற்ற இடங்களில்? பருத்த மரங்களை விட்டுவிடுங்கள் என்பேன். பட்டுப்போய் நிற்கும் மரம் மரங்கொத்திக்கு வீடு. விழுந்து மட்கும் மரம் இளங்கன்றுகளுக்கு நாற்றங்கால்.