இத்தாலிய எண்கள் காதில் ஏற ஒரு தொம்போலாப் பெட்டி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் புதிதாக வருகிற எங்கள் ஆட்கள் இத்தாலிய எண்களை எப்படிப் படிப்பது என்று கேட்டால், முதலில் ஒரு தொம்போலாப் பெட்டி (எண்ணைச் சொல்ல அட்டையில் மூடுகிற விளையாட்டு) வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் சில வருடங்களாகப் பாவனையில் இருக்கிறது. நத்தார் நெருங்கும்போது பொம்மைக் கடைகளிலும் சுப்பர் மார்க்கெட்டிலும் வாங்கலாம்.

ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக ஒப்புவிக்க எந்தச் செயலியும் சொல்லித் தரும். ஆனால் வெளியில் யார் வரிசையாகச் சொல்கிறார்கள்? ஸ்டேஷனில் ரயில் நேரத்தை 24 மணிக் கணக்கில் அறிவிப்பார்கள். பல்லரோ சந்தையில் வியாபாரி விலையைக் கத்திவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார். சொன்ன நொடியிலேயே எண்ணைப் பிடித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவது தொம்போலாதான்.

பைக்குள் 1 முதல் 90 வரை காய்கள். ஒருவர் எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் அட்டையில் தேடி மூடுவார்கள். அட்டையில் 3 வரிசை, 9 நிரல், மொத்தம் 15 எண்கள். முதல் நிரலில் 1–9, இரண்டாவதில் 10–19 என்று போய், கடைசி நிரலில் 80–90. இந்த நிரல்கள்தான் உண்மையான வாத்தியார். இத்தாலியனிலும் தமிழைப் போலவே பத்து முதலில், ஒன்று பிறகு. ‘குவாராந்தா’ என்று கேட்டதுமே கண் ஐந்தாம் நிரலுக்குப் போய்விடும். ‘துவே’ என்று முடிகிறபோது விரல் 42இல் நிற்கும்.

இரண்டாம் நிரல்தான் கஷ்டம். 11 முதல் 16 வரை பத்தைக் குறிக்கிற ‘திச்சி’ கடைசியில் வரும்: உந்திச்சி (11), த்ரேதிச்சி (13), ஸேதிச்சி (16). 17இல் அது முன்னுக்குப் போய்விடும்: திச்சஸ்ஸெத்தே, திச்சொத்தோ, திச்சன்னோவே. எங்கள் வீட்டு மாமி 13ஐயும் 16ஐயும் கனகாலம் மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தார். 60க்கும் 70க்கும் அதே பாடு. ஸெஸ்ஸாந்தா, ஸெத்தாந்தா: நடுவில் ஒரேயொரு ஒலிதான் வித்தியாசம், நிரல்களும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு வரிசையில் ஐந்தும் விழுந்து ‘சிங்குவீனா’ என்று கத்தினால், எண்களை உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டும். அந்த இடத்தில் பிழை தானாக வெளிவந்துவிடும். கேட்பதோடு சொல்லவும் பழகிவிடுகிறோம்.

நாப்போலி (நேப்பிள்ஸ்) ஆட்களோடு விளையாடினால் ஒரு விஷயம். அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டு. 90 பயம், 48 பேசுகிற பிணம், 22 பைத்தியம். எண்ணைச் சொல்லாமல் உருவத்தை மட்டும் சொல்வதும் உண்டு. கேட்க மிகவும் ரசமாக இருக்கும், ஆனால் படிக்க வந்தவருக்கு உதவாது. எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்வார்கள்.

பெட்டியின் தரம் பற்றிச் சொன்னால், அட்டையில் எண்ணை மூடுகிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கதவுகள் கொஞ்சக் காலத்தில் தளர்ந்துவிடும். கதவில்லாத வெறும் அட்டை வாங்கிக் கடலை வைத்து மூடுவதே நல்லது.

பெரிய குறை, விளையாட்டு 90ஓடு நின்றுவிடுகிறது. விலை சொல்கிற முறை அதில் இல்லை. 2,50 யூரோவை ‘துவே எ சிங்குவாந்தா’ என்பார்கள், யூரோ என்ற சொல்லே வராது. சீஸ், இறைச்சியை 100 கிராம் கணக்கில் ‘எத்தோ’ என்று நிறுப்பார்கள். இவற்றை மாமி பல்லரோவில் நின்றுதான் பிடித்தார். இப்போது விலை காதில் விழுந்ததும், மரக்கறிக்காரர் திருப்பிச் சொல்வதற்கு முன்னமே சில்லறையை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

ஆண்டுகள் இன்னும் பாக்கி. 1984ஐ இரண்டாகப் பிரிக்காமல், ‘மில்லேநோவேச்செந்தோத்தாந்தாகுவாத்ரோ’ என்று முழு எண்ணாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் என்கிற ‘மில்லே’ 2000இல் ‘துவேமிலா’ என்று மாறுவதையும் கவனிக்க வேண்டும். பிறந்த திகதியைச் சொல்லாமல் எந்தக் கந்தோரிலும் அலுவல் நடக்காது என்பதால், வீட்டில் எல்லாருடைய பிறந்த ஆண்டையும் கடதாசியில் எழுதி, அதே தொம்போலாப் பைக்குள் போட்டு எடுத்து வாசிக்கிறோம்.