ஏ7சியா, ஏ7 மார்க் 3-ஆ: ஸ்பெக் ஷீட் கைகாட்டியதும் நான் வாங்கியதும்

ஒரே கம்பெனி, ஒரே பேட்டரி. சோனியின் ஏ7 மார்க் 3 கேமரா வந்தது 2018இல், ஏ7சி கேமரா 2020இல். இரண்டில் ஒன்றை எடுப்பது என்று முடிவானதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கம்பெனி தரும் விவரப் பட்டியலான ஸ்பெக் ஷீட் இரண்டையும் அருகருகே வைத்து, வரிவரியாக டிக் போட்டேன்.

24 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம், 693 ஃபோகஸ் புள்ளிகள், பாடிக்குள்ளேயே (லென்ஸ் இல்லாத கேமரா) கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன், இதெல்லாம் சமம். ஏ7சி 509 கிராம், மார்க் 3 650 கிராம். திரையைப் பார்த்து எடுத்தால் ஏ7சியில் ஒரு சார்ஜுக்கு 740 படம், மார்க் 3இல் 710. ஏ7சியின் திரை முன்பக்கம் வரை திரும்பும். நகரும் ஆளைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸ் டிராக்கிங்கும் புதிது. மார்க் 3 பக்கம் இரண்டு கார்டு ஸ்லாட், 1/8000 நொடி வரை போகும் ஷட்டர். டிக்கை எண்ணிப் பார்த்தால் ஏ7சிதான் முந்தியது.

வாங்கியது மார்க் 3. காரணம் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்து உள்ளே படத்தைப் பார்க்கும் சின்னத் துளை.

இரண்டு ஷீட்டிலும் வியூஃபைண்டர் வரியில் இருப்பது ஒரே எண்தான்: ஏறத்தாழ 23.6 லட்சம் புள்ளிகள். நானும் சமம் என்று போட்டுவிட்டுத் தாண்டிவிட்டேன். உருப்பெருக்கம், அதாவது உள்ளே படம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, தனி வரியில் இருந்தது: மார்க் 3க்கு 0.78, ஏ7சிக்கு 0.59. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அது நீளக் கணக்கு. பரப்பளவாகப் பார்த்தால், மார்க் 3இல் கண்ணுக்குத் தெரியும் படம் ஏ7சியில் தெரிவதைப் போல 1.75 மடங்கு.

இது கண்ணை வைத்தால்தான் உறைக்கும். நண்பரின் ஏ7சியை ஒரு மாலை வாங்கி, சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் படமெடுத்தேன். ஃபோகஸ் குமிழியில் நிற்கிறதா, கண்ணில் நிற்கிறதா என்று உள்ளே பார்த்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கேமராவை இறக்கி, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குள் அடுத்த குமிழி உடைந்திருந்தது. மார்க் 3இல் அப்படி இறக்கத் தேவையிருக்கவில்லை. முகம் சுளிவதும், ஓரத்தில் வேண்டாத கை ஒன்று நுழைவதும் எடுக்கும்போதே தெரிந்தது.

அடுத்தது ஜாய்ஸ்டிக், ஃபோகஸ் புள்ளியைக் கட்டைவிரலால் நகர்த்தும் சின்னக் குச்சி. ஏ7சியில் அது இல்லை. வியூஃபைண்டரில் பார்த்தபடியே திரையை விரலால் தடவி ஃபோகஸ் புள்ளியை நகர்த்தலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் இடது கண்ணால் பார்க்கிறவன், மூக்கு நேரே திரையில் போய் அழுந்துகிறது. விரல் நகர்த்துவதற்கு முன்னால் மூக்கு நகர்த்திவிடும். வலது கண்ணால் பார்ப்பவர்களுக்கு இதே அமைப்பு வசதி, வியூஃபைண்டர் இடது மூலையில் இருப்பதால் மூக்கு வெளியே நின்றுவிடும். இந்த இரண்டு பேருக்கும் கம்பெனி தருவது ஒரே ஷீட்தான்.

கண்ணைத் தானே பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இருக்கும்போது ஜாய்ஸ்டிக் எதற்கு என்று கேட்கலாம். மார்க் 3க்கும் 2019இல் வந்த ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருள்) அது நிகழ்நேர வேகத்தில் கிடைத்துவிட்டது, ஒரே ஒரு முகம் என்றால் அதுவே போதும். சட்டகத்தில் மூன்று குழந்தைகள் இருந்தால் எந்தக் குழந்தை என்பதை நான்தானே சொல்ல வேண்டும்? அங்கே கட்டைவிரலுக்கு ஒரு ஜாய்ஸ்டிக் வேண்டும். முன்பக்க டயலும் ஏ7சியில் கிடையாது. ஆள்காட்டி விரலில் அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), கட்டைவிரலில் ஷட்டர் வேகம் என்று பழகிய கைக்கு அது பெரிய இழப்பு.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 141 கிராம் குறைவு என்பது பாடிக் கணக்கு. ஏ7சியில் 886 கிராம் எடையுள்ள முதல் தலைமுறை 24-70 மி.மீ. ஜிஎம் ஜூம் லென்ஸை மாட்டினால் கேமரா முன்னால் சாய்கிறது, எல்லாப் பாரமும் இடது கையில். பிடிமானத்தில் மார்க் 3ம் உத்தமம் இல்லை. சுண்டுவிரல் அதிலும் கீழே தொங்கத்தான் செய்கிறது.

ஏ7சியை நான் வைத்துப் பார்த்தது அந்த ஒரு மாலைதான். ஒரு வாரம் பழகியிருந்தால் சின்ன வியூஃபைண்டர் உறுத்தாமல் போயிருக்கலாம். வீடியோ நான் அதிகம் எடுப்பதில்லை. தன்னைத் தானே படம்பிடிப்பவர்களுக்குத் திரும்பும் திரை ஒன்றே முடிவைச் சொல்லிவிடும். எப்போதும் திரையைப் பார்த்தே எடுப்பவர், சின்ன 35 மி.மீ. லென்ஸோடு நாள் முழுக்க நடப்பவர் என்றால் ஏ7சியை யோசிக்காமல் எடுக்கலாம். அவர்களுக்கு நான் இவ்வளவு நேரம் சொன்ன வியூஃபைண்டர் ஒரு பொருட்டே இல்லை.